ஆண் இல்லாத மீன்கள்: 1991-இல் நான் சொல்லாத பதில்



போன வாரம் சென்னையிலிருந்து பேத்தி போன் செய்தாள். கொளத்தூர் மீன் சந்தையில் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கறுப்பு மோலி மீன் ஒன்று அவளிடம் இருக்கிறது. "அம்மாச்சி, தொட்டியில ஆம்பள மீனே கிடையாது. ஒத்த மீன்தான். ஆனா இன்னைக்குக் குட்டி போட்டிருக்கு!" என்று கத்தினாள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "இல்லடா கண்ணு, அது கடையில ஆண் மீன்களோட இருந்திருக்கும். மோலி விந்தணுவை மாசக்கணக்கா வயித்துக்குள்ள பத்திரமா வெச்சிருக்கும்." அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்ததாகக் கேட்டாள், "அப்ப ஆம்பளையே இல்லாத மீன் உலகத்துல எங்கேயுமே கிடையாதா?"

இருக்கிறது. அதுவும் மோலியின் நெருங்கிய சொந்தத்திலேயே இருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகுதான், முப்பது வருஷத்துக்கு மேல் பழைய ஒரு வகுப்பறை ஞாபகத்துக்கு வந்தது. அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

1991. பிளஸ் டூ விலங்கியல் வகுப்பு. பாலினப் பெருக்கம், பாலிலாப் பெருக்கம் என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பாலினப் பெருக்கத்தால் வேறுபாடுகள் உண்டாகும், சூழல் மாறும்போது இனம் அழியாமல் தப்பிக்கும்" என்று எழுதினேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், சூழல் மாறுறது எப்பவோ நடக்கிறது. ஆண் இல்லாம குட்டி போடுற மீன் வந்துட்டா, அது அதுக்கு முன்னாடியே பெருகிக் குளத்தையே நிரப்பிடுமே. அப்புறம் ஏன் இன்னும் ஆண் இருக்கு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பாடத்துல இல்லாததெல்லாம் கேக்காத, உக்காரு." அவள் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் கை மறுபடி உயரவேயில்லை.

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். ரொம்பத் தாமதம்தான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெண் போட்ட கணக்கு

ஒரு சாதாரணத் தாய் மீன் பத்துக் குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெண், ஐந்து ஆண். பக்கத்தில் பெண் குட்டி மட்டுமே போடும் ஒரு மீனும் பத்து போடுகிறது. பத்தும் பெண். எல்லாம் பிழைத்தால் அடுத்த தலைமுறையில் தாய்கள் 5-க்கு 10. அதற்கு அடுத்து 25-க்கு 100. அதற்கும் அடுத்து 125-க்கு 1000. மூன்றே தலைமுறையில் ஒன்றுக்கு எட்டு! ஆண் குட்டி தானாகக் குட்டி போடாது, ஆனால் தீனி மட்டும் தின்னும். இதைத்தான் இங்கிலாந்தின் ஜான் மேனார்ட் ஸ்மித் 1970-களில் 'இரட்டிப்புச் செலவு' என்று கணக்காக எழுதிக் காட்டினார். உலகத்துப் பெரிய உயிரியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கை என் வகுப்புப் பெண் நின்ற இடத்தில் மனசுக்குள் போட்டிருக்கிறாள். நான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

1932: அமேசான் என்ற பெயர்

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மீன்களை ஆராய்ந்தவர் கார்ல் ஹப்ஸ். அவர் மனைவி லாராவும் அவருடனேயே வேலை செய்தவர். டெக்சாஸின் தென்முனையிலும் மெக்சிகோவின் வடகிழக்கிலும் கிடைக்கும் ஒரு மோலி வகையில் எத்தனை பிடித்தாலும் பெண்ணாகவே இருந்தது. அதை எந்த மோலி ஆணோடு சேர்த்தாலும் பிறந்தவை எல்லாம் பெண். எல்லாம் தாயை உரித்து வைத்தவை. தகப்பன் சாயல் துளியும் இல்லை. 1932-இல் ஹப்ஸ் தம்பதியர் இதை வெளியிட்டார்கள். முதுகெலும்புள்ள விலங்கில் இப்படி ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது அப்போதுதான்.

அதற்கு 'அமேசான் மோலி' என்று பெயர். அமேசான் ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்கக் கதைகளில் வரும், ஆண்களே இல்லாத போர்ப்பெண்கள் கூட்டத்தின் பெயர் அது. நம் அல்லி ராஜ்ஜியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமேசான் மோலிக்கு ஆண் தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. முட்டை வளரத் தொடங்க ஒரு விந்தணு வந்து தட்ட வேண்டும். தட்டிய பிறகு அதன் மரபுப் பொருளை முட்டை சேர்த்துக்கொள்வதில்லை. கதவைத் தட்டி எழுப்பிவிட்டவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுகிற மாதிரி! சொந்த இனத்தில் ஆண் கிடையாதாகையால் பக்கத்தில் வாழும் வேறு இன மோலி ஆண்களிடம்தான் அதைப் பெற வேண்டும்.

குட்டிகள் உண்மையிலேயே தாயின் நகல்தானா? 1962-இல் கிளாஸ் கால்மன் என்பவர் திசு ஒட்டு முறையில் சோதித்தார். ஒருவர் உறுப்பை இன்னொருவருக்கு வைத்தால் உடம்பு தள்ளிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒட்டிப் பிறந்த மாதிரி ஏற்றுக்கொண்டால் இரண்டும் மரபில் ஒன்றே. ஒரே தாய்வழி அமேசான் மோலிகள் ஒன்றின் திசுவை மற்றொன்று ஏற்றுக்கொண்டன. ஆக, அவை குளோன்கள்தான்.

பாலைவன ஓடையும் இரவல் நகையும்

இனி மெக்சிகோவின் மறுகோடிக்கு, வடமேற்கே சோனோரா மாநிலத்துக்குப் போவோம். வறண்ட மலைப் பிரதேசம். மழை பெய்தால் காட்டாறு. வெயில் ஏறினால் பாறைகளுக்கு நடுவே மடு மடுவாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த மடுக்களில் சுண்டுவிரல் அளவில் சில மீன்கள். அவற்றின் பேரினத்துக்குப் பொயிசிலியோப்சிஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, பரீட்சையில் கேட்க மாட்டேன்.

1959-இல் ராபர்ட் மில்லரும் ஜாக் ஷுல்ட்ஸும் இந்தப் பேரினத்திலும் பெண் மட்டுமே உள்ள வகைகள் இருப்பதாக அறிவித்தார்கள். ஷுல்ட்ஸ் அதன்பின் பல ஆண்டுகள் தொட்டித் தொட்டியாக இனக்கலப்புச் செய்து பார்த்தார். மொனாக்கா என்ற இனத்துப் பெண்ணும் லூசிடா என்ற இனத்து ஆணும் கலந்ததில் வந்த வம்சங்கள் இவை என்று தெரிந்தது. 1973-இல் ஆய்வுக்கூடத்திலேயே இரண்டையும் கலந்து அப்படிப்பட்ட பெண்-மட்டும் வம்சத்தைப் புதிதாக உண்டாக்கியும் காட்டிவிட்டார்.

இவற்றில் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, அமேசான் மோலி மாதிரியே விந்தணுவைத் தட்டி எழுப்ப மட்டும் பயன்படுத்துவது. இவற்றின் உடம்பில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் இருக்கும்.

இன்னொன்று இன்னும் வேடிக்கை. மகளின் உடம்பில் தகப்பனின் மரபணுக்கள் இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் அவள் முட்டை உண்டாக்கும்போது தகப்பன் கொடுத்ததை முழுக்க ஒதுக்கிவிட்டுத் தாய் கொடுத்த பாதியை மட்டுமே முட்டையில் வைப்பாள். அடுத்த தலைமுறைக்கு வேறொரு ஆணிடம் மறுபாதியைப் புதிதாக வாங்கிக்கொள்வாள். கல்யாணத்துக்கு இரவல் நகை வாங்கிப் போட்டுக்கொண்டு, முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மகள் கல்யாணத்துக்கு வேறு வீட்டில் இரவல் வாங்குகிற குடும்பம்! தாலி மட்டும் பாட்டி காலத்திலிருந்து மாறாமல் வருகிறது.

ஜெயித்தால் சாவு

இப்போது அந்தப் பெண்ணின் கணக்கை இந்த மீன்களுக்குப் போட்டுப் பாருங்கள். குளோன் மீன் இரட்டிப்பு வேகத்தில் பெருகும். பெருகித் தன் பங்காளியான பால் இனத்தை மடுவிலிருந்து துரத்திவிடும். துரத்திவிட்டால் ஆண் இல்லை; ஆண் இல்லையென்றால் விந்தணு இல்லை; குளோனும் அந்தத் தலைமுறையோடு சரி. நம் ஊர் மாமரத்தில் புல்லுருவி ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். மரம் பட்டால் புல்லுருவியும் படும். குளோன் மீன் ஜெயிப்பதும் சாவதும் ஒன்றுதான்.

ஆனால் இவை ஆயிரக்கணக்கான தலைமுறைகளாகச் சேர்ந்தே வாழ்கின்றன. எப்படி?

1934-இல் ரஷ்யாவின் காஸ் எழுதிய விதியை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஒரே இடத்தில், ஒரே உணவை, ஒரே விதமாகத் தேடும் இரண்டு இனங்கள் நீடித்துச் சேர்ந்து வாழ முடியாது; ஒன்று மற்றதை வெளியேற்றிவிடும். குளோன் மீனோ தன் தாய் இனத்தைப் போலவே உருவம், அதே மடு, அதே தண்ணீர். விதிப்படி ஒன்று போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் அந்த ஓடைக்கரையில் உட்கார வைத்தது இதுதான்.

முதல் பதில்: ஆண்களின் தேர்வு

1971-இல் மூர், மக்கே என்ற இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆண் மீன்களுக்குத் தன் இனத்துப் பெண் எது, ஒட்டிக்கொண்டு வாழும் பெண் எது என்று ஓரளவு அடையாளம் தெரியும். வலுத்த ஆண்கள் தன் இனத்துப் பெண்களையே தேடும். அவற்றால் ஓரங்கட்டப்பட்ட ஆண்கள்தான் குளோன் பெண்களிடம் போகும். குளோன் கூட்டம் அளவுக்கு மீறினால் ஆண்களின் எண்ணிக்கை குறையும், குளோன்களுக்கு விந்தணு கிடைக்காது, அவற்றின் பிறப்பு குறையும். பால் இனம் மறுபடி தலைதூக்கும். தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கிச் சமன்படும்.

அப்படியானால் ஆணுக்கு இதில் என்ன லாபம்? தன் வம்சம் வளராத இடத்தில் ஏன் மெனக்கெட வேண்டும்? அமேசான் மோலியில் இதற்கு ஒரு அழகான விடை 1994-இல் வந்தது. இங்கோ ஷ்லுப், கேத்தரின் மார்லர், மைக்கேல் ரயான் மூவரும் கண்டது: ஒரு ஆண் அமேசான் பெண்ணோடு சுற்றுவதைப் பார்த்த அவன் சொந்த இனத்துப் பெண்கள், அந்த ஆணை முன்பைவிட அதிகம் விரும்பின. "நாலு பேர் கேட்ட மாப்பிள்ளையாச்சே" என்ற நம் ஊர் புத்திதான். சிரிக்காதீர்கள், ஆய்வில் வந்த முடிவு.

இந்தப் பதில் நல்ல பதில்தான், ஆனால் போதாது. ஒரே ஓடையில் இரண்டு வேறு குளோன்கள் பால் இனத்தோடு சேர்ந்து வாழ்கின்றன. இரண்டில் வேகமாகப் பெருகும் குளோன் மற்ற குளோனை ஏன் துரத்தவில்லை? இதை ஆண்களின் தேர்வை மட்டும் வைத்து விளக்குவது கஷ்டம். அப்போதுதான் மீன்களின் வயிற்றைப் பார்த்தார்கள்.

இரண்டாவது பதில்: யார் எதைத் தின்கிறார்கள்

ஷுல்ட்ஸின் வழியில் வந்தவர் ராபர்ட் விரையன்ஹூக். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் குளோன்களைப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்து அறியும் முறை அப்போது கைக்கு வந்திருந்தது. அதனால் எந்த மீன் எந்தக் குளோன் என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. ஒரே ஓடையில் மொனாக்காவோடு வாழ்ந்த இரண்டு குளோன்களை எடுத்து, அவை எங்கே மேய்கின்றன, எதைத் தின்கின்றன என்று பார்த்து 1978-இல் எழுதினார். அவற்றின் தீனிப் பழக்கம் ஒன்றாக இல்லை. மடுவையும் உணவையும் வேறு வேறு விதமாகப் பயன்படுத்தின. பிற்பாடு அவரும் அவர் மாணவர்களும் ஆய்வுக்கூடத் தொட்டிகளில் பால் இன மீன்களையும் குளோன்களையும் வைத்துப் பார்த்தபோதும், இரை தேடிப் பிடிக்கும் விதத்தில் வம்சத்துக்கு வம்சம் வித்தியாசம் இருந்தது.

ஏன் அப்படி? விரையன்ஹூக்கின் விளக்கத்தை நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன்.

சின்ன வயசில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர். மீன் குழம்பு வைத்தால் அப்பாவுக்குத் தலை, அண்ணனுக்கு நடுத்துண்டு, எனக்கு வால், தம்பிக்கு முள்ளே இல்லாத வயிற்றுப்பகுதி, ஆச்சிக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பில் பிசைந்த சோறு. சண்டையே வராது. ஒன்பது பேரும் "தலைதான் வேணும்" என்றால் என்ன ஆகியிருக்கும்?

பால் இன மீன்கள் எங்கள் வீடு மாதிரி. ஒவ்வொன்றின் மரபும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஆகவே ருசியும் திறமையும் கொஞ்சம் வேறு. கூட்டமாகப் பார்த்தால் மடுவின் உணவில் அகலமான ஒரு பகுதியைத் தின்னும்.

குளோன் என்பது ஒன்பது பேரும் தலை கேட்கிற வீடு. ஒரு கலப்பில் தற்செயலாக விழுந்த ஒரே ஒரு ருசி அப்படியே உறைந்து, மகளுக்கு, பேத்திக்கு, கொள்ளுப்பேத்திக்கு மாறாமல் போகும். அதன் முதல் போட்டியாளர் அதன் சொந்த அக்கா தங்கைகள்தான். பெருகப் பெருக அந்த ஒரு துண்டு உணவு தீரும். அங்கேயே அதன் பெருக்கம் நிற்கும். மற்றத் துண்டுகளை எடுத்துக்கொள்ள அதனால் முடியாது. அவை பால் இனத்துக்கு மிச்சம். அதே சமயம், வால் துண்டு கேட்கும் இன்னொரு குளோன் பிறந்தால் அதற்கும் இடம் உண்டு.

இந்தக் கருத்துக்கு 'உறைந்த வாழ்நிலை வேறுபாடு' என்று தமிழில் சொல்லலாம். இதில் யாருடைய திட்டமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இனக்கலப்பு பல முறை நடந்தது. பல குளோன்கள் பிறந்தன. ஏற்கெனவே ஆள் இருக்கும் துண்டில் போய் விழுந்தவை அழிந்தன. காலித் துண்டில் விழுந்தவை பிழைத்தன. இன்று நாம் பார்ப்பது பிழைத்த மிச்சத்தை. ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கலந்து உண்டாக்கிய வம்சங்களை வளர்த்துப் பார்த்தபோது, பிறக்கும்போதுள்ள அளவிலும் வளரும் வேகத்திலும் அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டே இருந்தன. தேர்ந்தெடுக்க இயற்கைக்குச் சரக்கு இருந்தது.

ஆக, காஸின் விதி பொய்யாகவில்லை. ஒரே தீனி என்று வெளியிலிருந்து பார்த்து நாம்தான் நினைத்தோம்.

மூன்றாவது பதில்: வற்றிய மடு

இது வரைக்கும் குளோன் ஏன் முழுக்க ஜெயிக்கவில்லை என்று பார்த்தோம். ஆனால் அந்தப் பெண் கேட்டது இன்னும் கூர்மையானது. வேறுபாட்டின் பலன் எப்போதோ வருங்காலத்தில் கிடைக்கும் என்றால், அதுவரை தாக்குப்பிடிப்பது எப்படி? இயற்கை பேரப்பிள்ளைகளுக்குச் சீட்டுக் கட்டுவதில்லை. பலன் இன்றைக்கே கிடைக்க வேண்டும். கிடைக்கிறதா?

சோனோராவில் ஃபுவெர்த்தே ஆற்றின் ஒரு சிற்றோடையில் சில மடுக்களை விரையன்ஹூக் குழு ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தது. 1976-இல் கடும் வறட்சி. மேல் பகுதியில் இருந்த, ஆய்வாளர்கள் 'இதய மடு' என்று பெயரிட்டிருந்த மடு உட்படச் சில இடங்கள் வற்றி மீன்கள் அழிந்தன. 1978-க்குள் தண்ணீரோடு மீன்களும் திரும்பின. ஆனால் வந்து சேர்ந்த மொனாக்கா மீன்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. அந்தச் சிலவற்றின் வம்சமே மடுவை நிரப்பியதால் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து, மரபு வேறுபாடு போய்விட்டது. பேருக்குத்தான் பால் இனம். உள்ளே எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி. உடம்பின் இடது பக்கமும் வலது பக்கமும்கூடச் சமமாக வளரவில்லை.

விளைவு? முன்பு பெரும்பான்மையாக இருந்த மொனாக்கா அங்கே சிறுபான்மையானது. குளோன்கள் மடுவைப் பிடித்துக்கொண்டன. கீழே, வற்றாமல் தப்பிய மடுவில் மொனாக்கா பழையபடி செழிப்பாகவே இருந்தது.

1983-இல் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மரபு வேறுபாடு நிறைந்த கீழ்ப்பகுதியிலிருந்து 30 மொனாக்காப் பெண் மீன்களைக் கொண்டுவந்து மேல் மடுவில் விட்டார்கள். அங்கிருந்து அதே எண்ணிக்கையில் 30 மீன்களை எடுத்துவிட்டார்கள். கூட்டம் பெரிதாகவில்லை; வேறுபாடு மட்டும் உள்ளே வந்தது.

இரண்டே ஆண்டுகள். மொனாக்கா மறுபடி பெரும்பான்மை!

வருங்காலம், பரிணாமம், யுகம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு வருஷம். பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிக்கும் காலம்.

வேறுபாடு எப்படி இவ்வளவு சீக்கிரம் கைகொடுத்தது? ஒரு காரணம் ஒட்டுண்ணி. இந்த மீன்களின் தோலில் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும் ஒரு நோய் உண்டு. ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம் தோலுக்குள் குடியேறுவதால் வருவது. கர்ட்டிஸ் லைவ்லி, கிளார்க் கிராடக், விரையன்ஹூக் மூவரும் மீன் மீனாகப் புள்ளிகளை எண்ணினார்கள். வேறுபாடு நிறைந்த மடுவில் குளோன்களுக்குத்தான் புள்ளி அதிகம், மொனாக்காவுக்குக் குறைவு. இரண்டு குளோன்கள் உள்ள மடுவில், எண்ணிக்கையில் அதிகமான குளோனுக்கே நோய் அதிகம். உறவுக்குள்ளேயே கலந்து நைந்த மொனாக்கா இருந்த மடுவில் நிலைமை தலைகீழ்: அங்கே மொனாக்காவுக்கே புள்ளி அதிகம். 30 புது மீன்கள் வந்த பிறகு அதுவும் மாறியது.

பூட்டு மாதிரி யோசியுங்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி என்றால், திருடன் ஒரு சாவி செய்தால் போதும். அவன் அதிகம் இருக்கும் பூட்டுக்குத்தான் சாவி செய்வான். பால் இனம் தலைமுறைக்குத் தலைமுறை பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு உயிரியலில் 'சிவப்பு ராணி' என்று பெயர். நின்ற இடத்தில் நிற்கவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று லூயிஸ் கரோலின் குழந்தைக் கதையில் ஒரு ராணி சொல்வாள். அந்தப் பெயரை 1973-இல் லீ வான் வேலன் என்ற அறிவியலாளர் எடுத்துக்கொண்டார்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. கல்யாண வீட்டில் "வாழையடி வாழையாக வாழணும்" என்று வாழ்த்துகிறோம். வாழை கன்று வைத்துப் பெருகுவது. தோட்டம் முழுக்க ஒரே குளோன். க்ரோ மிஷேல் என்ற வாழை ரகத்தைத்தான் ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். பனாமா வாடல் நோய் வந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த ரகத்தின் ஏற்றுமதித் தோட்டங்களை முடித்துவிட்டது. வாழ்த்துவதை நிறுத்த வேண்டாம். வாழ்த்தும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும், ஆனால் முழு உண்மையாகாது. அமேசான் மோலிக்கு இதே கேள்விகளைப் போட்டுப் பார்த்தார்கள். 2005-இல் டோப்ளர், ஷ்லுப் இருவரும் ஒட்டுண்ணிகளை ஒப்பிட்டபோது அமேசானுக்கும் பால் இன மோலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் உணவை ஆராய்ந்தபோது, சேர்ந்து வாழும் இரண்டின் தீனியும் பெருமளவு ஒன்றாகவே இருந்தது. சோனோராவின் பதில் அங்கே அப்படியே செல்லாது. அங்கே ஆண்களின் தேர்வுக்குப் பங்கு அதிகம் இருக்கலாம்.

இன்னொரு வியப்பு. குளோன்களில் மரபுப் பிழைகள் சேர்ந்துகொண்டே போய் வம்சம் நைந்துவிடும் என்று 1964-இல் முல்லர் சொல்லியிருந்தார். நானும் அதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். 2018-இல் மான்ஃப்ரெட் ஷார்ட்ல் முதலியோர் அமேசான் மோலியின் மரபுத்தொகுதியை முழுக்கப் படித்து வெளியிட்டார்கள். சுமார் ஒரு லட்சம் ஆண்டு பழைய வம்சம். எதிர்பார்த்த அளவு சிதைவு அதில் இல்லை. நல்ல ஆரோக்கியமாகவே இருக்கிறது. புத்தகத்தில் 'முடியாது' என்று போட்டிருந்ததை ஒரு சின்ன மீன் டெக்சாஸ் வாய்க்காலில் செய்துகொண்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு

அம்மா, நீ இதைப் படிப்பாயா என்று தெரியாது. உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் நீயே தெரிந்துகொள்வாய்.

நீ கேட்டது சரியான கேள்வி. நான் கரும்பலகையில் எழுதியது பாதிப் பதில். 'சூழல் மாறும்போது தப்பிக்கும்' என்பது மட்டும் போதாது என்று உனக்குப் பதினேழு வயசில் தோன்றியிருக்கிறது. முழுப் பதில் இதுதான்: வேறுபாடு இன்றைக்கே சோறு போடுகிறது, இன்றைக்கே நோயிலிருந்து காக்கிறது. பல ருசி உள்ள கூட்டம் அகலமாகத் தின்னும். பல பூட்டு உள்ள கூட்டம் நோய்க்குச் சுலபத்தில் மசியாது. ஒரே ருசி உள்ள குளோனுக்கும் ஒரு துண்டு இடம் உண்டு. மடு முழுவதும் அதற்கு இல்லை.

புள்ளிகளை எண்ணி எழுதிய அந்தக் கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது 1990-இல். நான் உன்னை உட்காரச் சொன்னதற்கு முந்தைய வருஷம். நம் பள்ளி நூலகத்துக்கு அந்த இதழ் வந்ததில்லை, அது என் குற்றமில்லை. "எனக்குத் தெரியலம்மா, தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல எந்த இதழும் தேவைப்பட்டிருக்காது. அது என் குற்றம். மன்னித்துக்கொள்.

என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். வகுப்பில் ஒரு கை உயர்ந்தால், பதில் தெரியாவிட்டாலும் அந்தக் கையைக் கீழே இறக்கிவிடாதீர்கள்.

பேத்தியின் மோலி போட்டது பதினெட்டுக் குட்டி. தாயே தின்றுவிடாமல் இருக்கத் தனித் தொட்டிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். எத்தனை ஆண், எத்தனை பெண் என்று வளர்ந்ததும் எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் டீச்சர்